இரண்டு தடவை அடித்தால் எங்கள் வீடு

நான் பார்க்கிற வேலையைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். காலையில் மும்பை சயானில் லோக்கல் ரயில் பிடித்து, விக்ரோலியில் இறங்கி, சாயங்காலம் வரை திருடிவிட்டு வீட்டுக்கு வருகிறேன். சம்பளத்துக்குத் திருட்டு. பெரிய கட்டடங்களில் காருக்குள் உட்கார்ந்தபடியே கேட்டைத் திறக்க ரிமோட் வைத்திருப்பார்களே, அதைச் செய்கிற கம்பெனி. ரிமோட்டை அமுக்கினால் அது காற்றில் ஒரு நம்பரை அனுப்பும். கேட்டில் இருக்கிற பெட்டி அந்த நம்பரைக் கேட்டதும் திறக்கும். நான் நடுவில் உட்கார்ந்து அந்த நம்பரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் நானே அனுப்பிப் பார்ப்பேன். கேட் திறந்துவிட்டால் அந்த ரிமோட் லாயக்கில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன். நல்ல ரிமோட் என்றால் அமுக்குகிற ஒவ்வொரு தடவையும் புது நம்பர் அனுப்பும். பழசைத் திருடி வைத்திருக்கிறவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

வந்திருப்பது யார் என்று தெரியாமல் கதவு திறக்கக் கூடாது. இதுதான் எங்கள் ஆபீஸில் முதல் பாடம். பல வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் ஏறிவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா வாசல் வரை வந்து திரும்பிப் போனது அந்த மண்டைக்கனத்தால்தான்.

தாராவியில் நாங்கள் முன்னால் இருந்தது சால் என்கிற வரிசைக் குடியிருப்பில், ஒற்றை அறை. பகலில் கதவைச் சாத்தியதாக எனக்கு ஞாபகமே இல்லை. பூப்போட்ட ஒரு திரை தொங்கும், அவ்வளவுதான். வருகிறவர் வெளியே நின்று ஒரே ஒரு குரல் கொடுத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நிற்பார். ஒற்றை அறையில் யாராவது குளித்துக்கொண்டிருப்பார்கள், சேலை மாற்றிக்கொண்டிருப்பார்கள். குரல் கொடுத்த வாயோடு எட்டிப் பார்ப்பது மரியாதை கிடையாது. இரண்டாம் குரல் கொடுப்பவன் கடன்காரன் என்று அப்பா சொல்லுவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பெல்ட் பட்டறையில் தோல் வெட்டியே வயசாகிப்போன மனுஷர். கை அத்தனை முரடு, பழக்கம் அத்தனை மென்மை.

அப்புறம் அந்தச் சால் வரிசையை இடித்துவிட்டு எங்களைப் புதுக் கட்டடத்தில் ஏழாவது மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். கதவு வந்தது, கதவுக்குப் பின்னால் இரும்புக் கதவும் வந்தது. திறந்து போட்டால் காரிடாரில் போகிறவர்களுக்கெல்லாம் வீடு தெரிகிறது என்று எல்லாரும் சாத்திக்கொண்டார்கள். அப்பா மட்டும் கட்டடத்துக்கும் சாலின் பழக்கத்தையே தூக்கிக்கொண்டு வந்தார். யார் வீட்டுக்குப் போனாலும் மணியை ஒரே ஒரு தடவை அமுக்குவார், உடனே படிக்கட்டுப் பக்கம் போய் முதுகைக் காட்டி நிற்பார். "என்னப்பா, கூப்புட்டுட்டு ஓடி ஒளிஞ்ச மாதிரி நிக்கிய?" என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

மணி வாங்கினது நான்தான். தாராவிக்காரர்கள் எதையும் ஒற்றையாக வாங்க மாட்டோம். கொசுவலையோ பிரஷர் குக்கரோ, ஒரு வரிசை வீடு சேர்ந்து மொத்தக் கடைக்குப் போய்ப் பெட்டியாகத்தான் தூக்கிக்கொண்டு வருவோம். எங்கள் மாடியில் பத்து வீட்டுக்கு மணி வேண்டும் என்றார்கள். "நீதான் ரிமோட் கம்பெனியாச்சே, நீயே பார்த்து வாங்கிட்டு வா" என்றார்கள். ஒயர் இல்லாத மணி, ஒரே அட்டைப்பெட்டியில் பத்து. சுவரில் பொத்தானை ஒட்டினால் போதும், உள்ளே பெட்டி பாடும். பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் பால்காரர் கடைசி வீட்டுப் பொத்தானை அமுக்கினார். பத்து வீட்டிலும் மணி பாடியது. பத்துக் கதவும் திறந்தது. கையில் ஒரே ஒரு பால் பையோடு அந்த மனுஷர் முழித்த முழி இருக்கிறதே! மாடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

எனக்குப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அந்தப் பெட்டியில் வந்த பத்துப் பொத்தானும் ஒரே நம்பரைத்தான் அனுப்புகின்றன. பத்து மணிக்கும் அந்த ஒரே நம்பர்தான் தெரியும். எந்த வாசலில் அமுக்கினது, யார் அமுக்கினது என்று அதுகளுக்குக் கேட்கத் தெரியாது. பொத்தானைத் திறந்து பார்த்தால் உள்ளே பொட்டுப் பொட்டாக ஒரு வரிசை இருக்கும். இரண்டு பொட்டை ஈயம் வைத்துச் சேர்த்து, மணியிலும் அதே மாதிரி சேர்த்துவிட்டால் நம்பர் மாறிவிடும். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷ வேலை. "ஞாயித்துக்கிழமை பண்ணித் தந்துடறேன்" என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ஒன்று வந்தது. ஆபீஸில் ஈயம் வைக்கிற கருவி என் மேஜை மேலேயே கிடக்கும். தினமும் பார்ப்பேன், தினமும் அங்கேயே வைத்துவிட்டு வருவேன். மணிதானே, அதிலிருந்து எவன் எதைத் திருடப் போகிறான் என்று ஒரு அலட்சியம். ஆபீஸில் இதே மாதிரி ஒரு ரிமோட் வந்தால் அதைச் செய்தவனைக் கிழிகிழியென்று கிழித்திருப்பேன்.

சனங்கள் வெறுத்துப்போய் ஒவ்வொருத்தராக பேட்டரியைக் கழற்றினார்கள். கடைசியில் நாலு வீட்டில்தான் மணி மிச்சம் இருந்தது. அதில் எங்கள் வீடும் ஒன்று. அப்பா அப்போது வேலையை விட்டு வீட்டில் இருந்தார். கண்ணில் புரை, தோலில் கோடு தெரியவில்லை என்று பட்டறையில் போதும் என்று சொல்லிவிட்டார்கள். மணி அடிக்கிறபோதெல்லாம் எழுந்துபோய்த் திறப்பார். பாதி நேரம் வெளியே ஆளே இருக்காது, பக்கத்து வீட்டு வாசலில் யாரோ நிற்பார்கள். சாத்திவிட்டு வந்து உட்காருவார். சாயங்காலம் நான் வந்ததும் ரிப்போர்ட் வரும். "இன்னைக்குப் பதினாலு தடவ எந்திரிச்சேம் தாயி. ஒம்போது தடவ நம்ம வீட்டுக்கே இல்ல. ஒங்க கம்பெனில இதச் சரி பண்ண ஆளு கெடையாதா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு ரயிலில் மிதிபட்டு, செருப்பு வார் அறுந்து, தலைவலியோடு வந்திருந்தேன். என் வாயில் அப்படி ஏன் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"சும்மாதானப்பா இருக்கிய. எந்திரிச்சுப் பார்த்தா என்ன கொறஞ்சு போவுது?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா டீயைக் குடித்து முடித்தார். எழுந்துபோய் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். எனக்குத் தெரிந்து அவர் டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை. அப்போதே காலில் விழுந்திருக்க வேண்டும். படுபாவி, நான் தலைவலி மாத்திரை தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அப்பா இல்லை. அவருடைய போன் டிவி மேல் இருந்தது. இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் மட்டும் குறைந்திருந்தன.

மூன்றாம் நாள் யாருடைய போனிலிருந்தோ அம்மாவைக் கூப்பிட்டார். "வேல கெடச்சிருக்கு. நல்லாருக்கேன். தேட வேண்டாம்." அவ்வளவுதான். திருப்பிக் கூப்பிட்டால் செம்பூரில் ஒரு டீக்கடை. கடைக்காரருக்கு எதுவும் தெரியவில்லை. போலீஸ் ஸ்டேஷனிலும் போய்ச் சொன்னேன். தானாகப் போனவர், போனும் பண்ணியிருக்கிறார், கோபம் தணிந்தால் வருவார் என்று அனுப்பிவிட்டார்கள். வடாலாவில் இருக்கிற சொந்தக்காரர்கள், பழைய பட்டறை ஆட்கள் என்று ஒருவர் விடாமல் கேட்டேன். செம்பூரில் சந்து சந்தாகச் சுற்றினேன். அத்தனை கட்டடத்தில் எங்கே போய்த் தேட?

அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. மணி அடித்தால் ஓடுவாள், அவ்வளவுதான். அரைத்த கையோடு ஓடுவாள், குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடுவாள். கதவைத் திறந்ததும் வாசலைப் பார்க்க மாட்டாள், நேரே படிக்கட்டுப் பக்கம்தான் பார்ப்பாள். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். முதல் வீட்டு மராத்திக்காரம்மா தன் வீட்டு வாசலில் கொரியரை வாங்கிக்கொண்டே, "எங்க வீட்டுக்குங்க" என்று பாவமாகச் சொல்லுவார்.

மழைக்காலத்தில் ஒருநாள் அப்படி ஓடும்போது வாசல் ஈரத்தில் வழுக்கி விழுந்து அம்மாவின் முட்டி வீங்கிப்போயிற்று. டாக்டர் கட்டுப் போட்டு, நடமாட்டத்தைக் குறைக்கச் சொன்னார். அன்றைக்காவது அந்த ஈயம் வைக்கிற கருவியைக் கொண்டுவந்திருக்கலாம். எனக்குத்தான் மூளை ஜாஸ்தியாயிற்றே, அதைவிடப் பெரிய யோசனை ஒன்று தோன்றியது.

மணி இருக்கிற நாலு வீட்டையும் கூட்டி ஏற்பாடு ஒன்று பண்ணினேன். முதல் வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு தடவை அடிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு இரண்டு. அடுத்ததற்கு மூன்று, கடைசி வீட்டுக்கு நாலு. அவரவர் வீட்டுக்கு வந்துபோகிற ஆட்களிடம் அவரவர் சொல்லிவிட வேண்டும். எல்லாரும் சபாஷ் என்றார்கள். மராத்திக்காரம்மா மட்டும், "பொத்தானுக்கு மேல எழுதி ஒட்டிட்டா புது ஆளுக்கும் தெரியுமே" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எழுதி ஒட்டினால் திருடனுக்கும்தான் தெரியும், இரண்டு தடவை அடித்து நம்ம ஆள் மாதிரி உள்ளே வந்துவிடுவான், ரகசியத்தை வாசலில் ஒட்டுவார்களா என்று ஒரு பிரசங்கம் பண்ணினேன். எழுதாமலே விட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு அம்மா கேட்டாள். "ஒங்கப்பாவுக்கு இது தெரியாதேட்டி?"

"அப்பா வந்தா ஒரு தடவ அடிச்சிட்டா போயிருவாவ? நிப்பாவல்ல. திரும்ப அடிப்பாவ. கதவத் தட்டுவாவ."

"அவிய தட்ட மாட்டாவ" என்றாள் அம்மா.

நான் கேட்டேன். காதில் விழுந்தது. முப்பத்தெட்டு வருஷம் அவரோடு வாழ்ந்தவள் சொல்லுகிறாள். நானும் சின்ன வயசிலிருந்து பார்த்தவள்தான், கிண்டல்கூடப் பண்ணியிருக்கிறேன். இருந்தும், "சரிம்மா, ஞாயித்துக்கிழமை நம்பரையே மாத்திடறேன், அதுவரைக்கும்தான்" என்றேன்.

ஏற்பாடு நன்றாகத்தான் வேலை செய்தது. மணி ஒரு தடவை அடித்தால் அம்மா எழுந்திருக்க மாட்டாள், இரண்டு தடவை அடித்தால் மட்டும் நொண்டிக்கொண்டு போவாள். முட்டி வீக்கம் வடிந்தது. எனக்கும் உள்ளுக்குள் ஒரு திருப்தி.

கணபதி விழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம், நானும் அம்மாவும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவள் சொதி வைத்திருந்தாள். மணி அடித்தது. ஒரே ஒரு தடவை.

அம்மாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"ஒண்ணுதாம்மா. மொத வீட்டுக்கு" என்றேன். "உக்காருங்க. முட்டிய வச்சுக்கிட்டு."

"இல்லட்டி, ஒரு எட்டுப் பார்த்துட்டு..."

"அம்மா! எத்தன தடவ சொல்லுதது? நம்ம வீட்டுக்குன்னா ரெண்டு அடிக்கும். சாப்பிடுங்க."

கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். இரண்டாம் மணி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. வரவில்லை. நான் இன்னும் கொஞ்சம் சொதி விட்டுக்கொண்டு ஆபீஸ் கதை ஏதோ பேசினேன். மராத்திக்காரம்மா குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார், முதல் வீடு அன்றைக்குப் பூட்டிக் கிடந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபீஸில் இருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. இந்தியில் பேசினார். செம்பூரில் ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன். கூட வேலை பார்க்கிற மதராஸி மாமா கேட் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறோம், பையில் ஒரு சீட்டில் இந்த நம்பர் இருந்தது என்றார்.  என் நம்பரை அப்பா எழுதி வைத்திருக்கிறார். அத்தனை மாசமும் அவர் பையில்தான் இருந்திருக்கிறேன்.

அப்பா வாட்ச்மேன் வேலையில் சேர்ந்திருந்தார். வருகிறவர்களைப் பார்த்து எழுந்துபோய்க் கேட்டைத் திறந்துவிடுகிற வேலை. சும்மா இருக்கிறீர்கள் என்று நான் சொன்னதற்கு அவர் கண்டுபிடித்த பதில் அது. அதை அந்த வாட்ச்மேன் சொன்னபோது, ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அம்மாவை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வந்தேன். அப்பா கட்டிலில் பாதி உடம்பாகக் கிடந்தார். அம்மா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.  அப்பாதான் பேச ஆரம்பித்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

"நான் வந்தேம்... ஞாயித்துக்கெழம. மாட்டுங்கா போயி, ஒங்க அம்மைக்குப் பூ வாங்கிட்டு வந்தேன். மணி அடிச்சிட்டுப் படிப் பக்கத்துல நின்னேன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவர் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உள்ள பேச்சுச் சத்தம் கேட்டுது. ரொம்ப நேரம் நின்னேன். சரி, நம்ம மேல இன்னும் கோவம் போவல போலன்னு எறங்கிட்டேம். பூ வாடிரும்னு கீழ கோயில்ல குடுத்துட்டேன்." கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். "மணி உள்ள கேட்டுதா தாயி?"

எனக்கு யோசிக்க நேரமே இல்லை. நிஜத்தைச் சொன்னால் என்ன ஆகும்? கேட்டதுப்பா, ஒன்றுதான் அடித்தது, உங்களுக்குச் சொல்லாத ஒரு கணக்கை வைத்துக்கொண்டு நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், எழுந்தவளையும் நான்தான் உட்கார வைத்தேன் என்று சொல்லுவதா?

"இல்லப்பா" என்றேன். "பேட்டரி தீந்து போயிருந்துது. ஒண்ணுமே கேக்கல."

அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். ஐயோ, அந்த முகம்! "அதான பார்த்தேம்" என்றார். "ஒங்க அம்மைக்குக் கேட்டிருந்தா தெறக்காம இருப்பாளா." பிறகு அம்மாவைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பின பிறகு, ஆபீஸிலிருந்து ஈயக் கருவியைக் கொண்டுவந்தேன். பொத்தானைத் திறந்து இரண்டு பொட்டைச் சேர்த்தேன், மணியிலும் அதே மாதிரி சேர்த்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் செய்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, எட்டு. வெளியே போய் ஒரு தடவை அமுக்கினேன். எங்கள் வீட்டில் மட்டும் பாடியது. மற்ற மூன்று வீடும் கப்சிப்.

நான் வெளியே போனதைப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான், இருந்தும் அம்மா நொண்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். என்னைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள்.

"இனிமே நம்ம வீட்டுக்கு மட்டுந்தாம்மா அடிக்கும்" என்றேன். வேறு என்ன சொல்லுவது என்று தெரியவில்லை.

அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். "பேட்டரி தீந்து போச்சுன்னு அவியகிட்டச் சொன்னியே, அது நல்லதுதான். அவிய நம்பிட்டு நிம்மதியாப் போயிட்டாவ" என்றாள். குரல் உயரவே இல்லை. "எனக்குக் கேட்டுதேட்டி. நான் என்னத்தச் சொல்லி நம்புதது?"

அன்றைக்குத்தான் நான் அழுதேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, சுடுகாட்டிலிருந்து எல்லாரும் திரும்பி வந்தபோதும் அழவில்லை. காரிடாரில், கையில் அந்தக் கருவியோடு உட்கார்ந்து, முதல் வீட்டு மராத்திக்காரம்மா ஓடிவந்து பிடிக்கிற அளவுக்கு அழுதேன். அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மணியைக் கழற்றச் சொன்னாள், கழற்றிவிட்டேன். சாலில் தொங்கிய பூப்போட்ட திரையைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசலில் மாட்டியிருக்கிறாள். ஏழாவது மாடியில் பகலெல்லாம் திறந்து கிடக்கிற கதவு எங்களுடையது ஒன்றுதான். கட்டடத்துச் சொசைட்டிக்காரர்கள் இரண்டு தடவை வந்து கண்டித்துவிட்டார்கள், காலம் கெட்டுக் கிடக்கிறது, பாதுகாப்பு வேண்டாமா என்று. என் வேலை தெரிந்தவர்கள் சிரிக்கவும் செய்கிறார்கள். சிரிக்கட்டும். விக்ரோலியில் நான் இன்னும் ரிமோட்டுகளைத் திருடிப் பார்த்துத் திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். யார் என்று தெரியாமல் திறக்கக் கூடாது என்று புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்ல வேண்டி வரும்போது மட்டும், பக்கத்து மேஜைக்காரியைச் சொல்லச் சொல்லிவிட்டு நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் திரைக்கு வெளியே நின்று ஒரே ஒரு குரல் கொடுக்கிறேன். கொடுத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் தள்ளி நிற்கிறேன். அந்த முட்டியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து அம்மா எழுந்து வருகிற சத்தம் கேட்கும். வரவேண்டாம் என்று நான் சொல்வதில்லை.